பிள்ளை மனம் – 11: எந்தப் பொம்மை நீ?

சென்ற வாரம், பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பித் தரும் வினாத்தாள்களைப் பார்த்தோம். அந்தத் தாள்களில் ஒரே ஒருவருடைய வார்த்தை மட்டும் இருக்காது. பிள்ளையின் வார்த்தைதான் அது. கன்னிவாடி என்ற ஊரில் ஓர் அங்கன்வாடியை எடுத்துக்கொள்வோம். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். எடை, உயரம், கண், காது எல்லாவற்றையும் பிள்ளையைத் தொட்டே சோதிப்பார்கள். நடத்தை பற்றிய பேச்சு வந்ததும் கேள்வி அம்மாவிடமோ டீச்சரிடமோ போய்விடும். இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டு, உலகமெங்கும் புழங்கும், பிள்ளைகளின் நடத்தையையும் உணர்வையும் பற்றிக் கேட்கும் எஸ்.டி.க்யூ. வினாத்தாளும் சுமார் 11 வயதிலிருந்துதான் பிள்ளையின் சொந்தப் பதிலை வாங்குகிறது. தாளை வாசித்து நிரப்ப வேண்டும் என்பதால் வந்த எல்லை இது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று இதற்குப் பொருள் கொண்டது நம் தவறு.

பெரியவர்கள் சொல்வது போதாதா என்று கேட்கலாம். தாமஸ் ஆக்கன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் 119 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தாயும் தகப்பனும்போல ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்ப்பவர்கள் சொன்னவை ஓரளவு ஒத்துப்போயின; ஒப்புமை அளவு 0.60. பெற்றோரும் ஆசிரியரும்போல வெவ்வேறு இடத்தில் பிள்ளையைப் பார்ப்பவர்களிடையே அது 0.28 ஆகக் குறைந்தது. பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் 0.22 மட்டுமே. முழு ஒப்புமை என்றால் 1. யாரும் பொய் சொல்லவில்லை; அவரவர் பார்த்ததைச் சொன்னார்கள். அடிதடி, பிடிவாதம், ஓரிடத்தில் உட்காராமை எல்லாம் வெளியே தெரியும். பயமும் துக்கமும் தெரிவதில்லை. ஆடலூர், பன்றிமலை போன்ற மலையூர்களில் விடிவதற்குள் காப்பித் தோட்டத்துக்குப் போகும் தாய், பிள்ளை எழுந்து தன்னைத் தேடும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் டீச்சருக்கு, மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவன் ‘தொந்தரவு இல்லாத பையன்’. 2005-இல் வெளியான பெங்களூர் ஆய்வு, 16 வயதுக்குட்பட்டவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு, அதாவது எட்டில் ஒருவருக்கு, மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. அந்த எண்ணிக்கையில் சத்தம் போடாதவர்களும் உண்டு.

அப்படியானால் எப்படிக் கேட்பது? ‘நீ நல்ல பிள்ளையா?’ என்றால் ‘ஆமா’ என்றுதான் வரும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜெஃப்ரி மெசெல், ஜெனிஃபர் ஆப்லோ, கோவன் தம்பதியர் ஆகியோர் உருவாக்கி 1998-இல் மதிப்பிட்டு எழுதிய முறை இந்த முடிச்சை அழகாக அவிழ்க்கிறது. இரண்டு நாய்க்குட்டிக் கைப்பொம்மைகள். பெயர் இக்கி, சிக்கி. ஒன்று ‘எனக்கு நிறைய ஃபிரண்ட்ஸ் இருக்காங்க’ என்னும். மற்றது ‘எனக்கு நிறைய ஃபிரண்ட்ஸ் இல்ல’ என்னும். பிறகு, ‘உனக்கு எப்படி?’ அவ்வளவுதான். இரண்டு பொம்மையும் ஒரே தொனியில், வெட்கமோ பெருமையோ இல்லாமல் சொல்வதால் எந்தப் பதிலும் தப்பான பதிலாகாது. பிள்ளை வாயால் சொல்லலாம். ஒரு பொம்மையை விரலால் காட்டினாலும் போதும். இவர்களோடு ஆலிவர் ஜான் என்ற ஆய்வாளரும் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அதே பிள்ளைகளை ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரை தொடர்ந்தது. கலகலப்பு, இணக்கம், பொறுப்பு ஆகிய மூன்று பண்புகளிலும் பிள்ளைகளின் பதில்கள் முன்னுக்குப்பின் முரணில்லாமல் இருந்தன. பெரியவர்கள் கண்டதோடும் பொருந்தின. மற்றப் பண்புகளில் சான்று இவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சின்னப் பிள்ளை தன்னை எப்போதும் உயர்த்தித்தான் சொல்லும் என்பது நியாயமான மறுப்பு. சூசன் ஹார்ட்டரின் படமுறை ஆய்வுகளிலும் இந்தச் சாய்வு தெரிந்தது. பொம்மை முறையில் இரண்டு பதிலையும் மரியாதையுள்ளதாக்கியதே அதைக் குறைக்கத்தான். இன்னும் கனமான மறுப்பு, பிள்ளை நாம் ஊட்டியதையே திருப்பிச் சொல்லும் என்பது. லெய்க்ட்மன், செசி என்ற உளவியலாளர்கள் 1995-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சாம் ஸ்டோன் என்ற அந்நியர் வகுப்பறைக்கு இரண்டு நிமிடம் வந்து போனார், எதையும் சேதப்படுத்தவில்லை. அவர் எதையும் உடைத்துவிடுபவர் என்று முன்பே கதை சொல்லி, பிறகு வாரக்கணக்கில் தூண்டிக் கேட்டபோது, பல பிள்ளைகள் அவர் புத்தகத்தைக் கிழித்தார் என்றே சொன்னார்கள். தூண்டாமல் கேட்கப்பட்ட பிள்ளைகளில் மிகச் சிலரே அப்படிச் சொன்னார்கள். இந்த ஆய்வைப் பிள்ளையைக் கேட்கக் கூடாது என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அதன் பாதியைத்தான் படிக்கிறார்கள். அங்கே பதில் கெட்டது பிள்ளையால் அல்ல, கேள்வி கேட்டவரால்.

தமிழில் கேட்கும்போது கூடுதலாக ஒரு கவனம் தேவை. நம் மொழியில் உண்டும் இல்லையும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. ‘இருட்டுன்னா எனக்குப் பயமா இருக்கும்’, ‘இருட்டுன்னா எனக்குப் பயமா இருக்காது’. இரண்டும் கடைசிச் சொல் வரை ஒன்றுதான். கவனம் சிதறிய பிள்ளை கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லிவிடும். ஆகவே எந்தப் பொம்மை முதலில் பேசுகிறது, ‘இல்லை’ யார் வாயில் வருகிறது என்பதை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சொற்களும் பிள்ளையின் சொற்களாக இருக்க வேண்டும். ‘துயரமாக உணர்கிறேன்’ என்று எந்த ஐந்து வயதுப் பிள்ளையும் பேசாது. ‘அழுகையா வருது’ என்னும். பல நேரம் அதுகூட இல்லை, ‘வயித்த வலிக்குது’ என்னும். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வருகிற வயிற்றுவலியைப் பற்றியும் பொம்மைகள் பேச வேண்டும். ஆங்கிலத் தாளை வரிக்கு வரி பெயர்த்தால் இவை விட்டுப்போகும்.

எடை பார்த்து, பதிவேடு எழுதி, சத்துணவும் பரிமாறும் அங்கன்வாடிப் பணியாளர் தலையில் இதையும் ஏற்றுவதா என்பார்கள். ஏற்றக் கூடாது. எல்லாப் பிள்ளையையும் கேட்க வேண்டியதும் இல்லை. யார் மீதாவது கவலை எழுந்தால், அந்தப் பிள்ளையிடம், பயிற்சி பெற்றவர் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஆர்.பி.எஸ்.கே. அமைப்பிலேயே மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்ற ஓர் இடம் உண்டு. அந்த வேலை அங்கே சேர வேண்டியது. ஒருநாள் பதிலை மட்டும் வைத்துப் பிள்ளைக்கு எந்த நோய்ப் பெயரும் ஒட்டக் கூடாது. அம்மா சொன்னதோடும் டீச்சர் கண்டதோடும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய மூன்றாவது சாட்சி அது. அந்தப் பதில் யார் காதுக்குப் போகிறது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ‘வீட்டுல என்னைத் திட்டுறாங்க’ என்ற பொம்மையைக் காட்டிய பிள்ளையை, அன்று சாயங்காலமே ‘டீச்சர்கிட்ட அப்படியா சொன்ன?’ என்று வீட்டில் அடித்தால், அடுத்த முறை அது எந்தப் பொம்மையையும் காட்டாது.