சிறு வியாபாரியும் அவருடைய வணிகத் தொடர்புகளும்

மாணவர்களே, "சிறு வியாபாரி ஒருவர் வணிகத் தொடர்புகளை எவ்வாறு வளர்த்துக்கொள்ளலாம்?" என்று கேட்டால், "நேர்மையாக இருத்தல், அன்பாகப் பழகுதல்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். அது பிழையான விடை அன்று. ஆனால் அதில் வணிகம் இல்லை. யாருடன் தொடர்பு, அதனால் எந்தக் கணக்கு மாறுகிறது என்பதையும் எழுத வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கத்துப் பலசரக்குக் கடையொன்றை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் ஒருவரே. எனவே அவரது பொறுப்பு வரையறையற்றது. கடையின் கடனைக் கடையால் தீர்க்க முடியாவிட்டால் அவருடைய சொந்தச் சொத்தும் போகலாம்.

முதலில் வழங்குநர். மொத்த வியாபாரி 20,000 ரூபா பட்டியல் விலையுள்ள பொருட்களை 10% வியாபாரக் கழிவுடன் கடனுக்கு அனுப்புகிறார். தவணை 30 நாட்கள். 14 நாட்களுக்குள் செலுத்தினால் 5% காசுக் கழிவு உண்டு. கொள்வனவாகப் பதியப்படுவது 18,000 ரூபா. வியாபாரக் கழிவு ஏடுகளில் பதியப்படாது என்பதை மறக்க வேண்டாம். பெட்டியைத் திறந்தால், பட்டியல் விலை 2,000 ரூபாவான பொருட்கள் உடைந்திருக்கின்றன. அன்றே அறிவித்துத் திருப்பி அனுப்பினால் 1,800 ரூபாவுக்குச் செலவுத்தாள் கிடைக்கும். (2,000 என்று எழுதிப் புள்ளியை இழப்பவர் பலர்.) மீதி 16,200, காசுக் கழிவு 810, செலுத்த வேண்டியது 15,390 ரூபா. அறிவிக்காமல் இருந்துவிட்டு, பணம் கொடுக்கும் நாளில் தானாகவே ஒரு தொகையைக் குறைத்துக் கொடுத்தால் பிணக்குத்தான் வரும்.

நாள் தவறாமல் செலுத்துவதன் பயன் 810 ரூபாவுடன் முடிவதில்லை. 2022 இல் பால்மாவும் எரிவாயுவும் தட்டுப்பாடாக இருந்ததை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அத்தகைய நேரத்தில் மொத்த வியாபாரி கையிலுள்ள சிறிதளவு பொருளை எந்தக் கடைக்கு முதலில் கொடுப்பார்?

அடுத்தது வாடிக்கையாளர். கொப்பிக் கடன் இல்லாமல் கிராமத்துக் கடை நடவாது. வீட்டில் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் இதை நன்கறிவர். அரச ஊழியருக்கு மாதச் சம்பளம் வரும். பெரும்போகம் செய்பவருக்கோ ஒக்டோபர், நவம்பரில் விதைத்தால் பெப்ரவரி, மார்ச்சில்தான் காசு. அவரிடம் டிசம்பரில் கடனைக் கேட்டால் மனக்கசப்பு மட்டுமே மிஞ்சும். ஆனால் மொத்த வியாபாரி மார்ச் வரை காத்திருக்கமாட்டார். இந்த இடைவெளியில்தான் சிறிய கடைகள் மூடப்படுகின்றன. ஆகவே ஒவ்வொருவருக்கும் கடன் எல்லையும் தவணையும் முன்கூட்டியே பேசப்பட வேண்டும். தொகையை அவருடைய கொப்பியிலும் கடைக் கொப்பியிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். வெள்ளம் வந்து பயிர் அழிந்தால், நாலுபேர் முன்னிலையில் கேட்பதைவிடச் சிறு தொகைகளாக வாங்கிக்கொள்வது மேல். முழுவதும் அறவிடமுடியாக் கடனானால் அது செலவாக இலாபத்தைக் குறைக்கும்.

காசுக்கு வாங்குபவரையும் மறக்கலாகாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, அவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. அது தயவு அன்று.

கடையில் வேலை செய்பவரும் ஒரு தரப்பினரே. சம்பளம் 40,000 ரூபா எனின், ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8% ஆன 3,200, உரிமையாளரின் 12% ஆன 4,800. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உரிமையாளரின் 3% ஆன 1,200. "ஒரே ஒரு ஆள்தானே" என்று இதைத் தவிர்க்க முடியாது.

பயிற்சி: மேலுள்ள வியாபாரி 14 நாட்களுக்குப் பதிலாக 25 ஆம் நாளில் பணம் செலுத்தினார் எனின், செலுத்திய தொகை எவ்வளவு? இலாபத்தில் ஏற்படும் மாற்றத்தையும் குறிப்பிடுக.