புதன்கிழமை ஊசியும் பெற்றோரின் முடிவும்

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியா முழுமைக்கும் இன்று இல்லை. அரசு ஊசியை இலவசமாகத் தருகிறது. போடுவதா வேண்டாமா என்பது வீட்டில்தான் முடிவாகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பேச்சே எழுவதில்லை. புதன்கிழமை ஊசி நாள். கிராம சுகாதாரச் செவிலியர், ஊர் வழக்கில் நர்ஸம்மா, தேதி சொன்னால் தாய் குழந்தையோடு அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல் போன்ற ஊர்களிலும் இதுதான் நடைமுறை. ஆனால் இந்தப் பழக்கம் சில காலங்களில் தடுமாறியிருக்கிறது. பெற்றோர் எதை நம்பி முடிவெடுக்கிறார்கள் என்பது அந்தக் காலங்களில்தான் வெளிப்பட்டது.

ஒன்றரை மாத ஊசி

பிறந்தவுடன் பிசிஜி, மஞ்சள் காமாலை பி ஊசி, போலியோ சொட்டு மருந்து. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட். இந்தியாவில் இது முதலில் வந்தது 2011 டிசம்பரில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி.

பெற்றோர் அதிகம் அஞ்சுவது ஒன்றரை மாத ஊசிக்கு. அன்று இரவு காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும், குழந்தை விடாமல் அழும். கக்குவான் இருமலுக்கான பகுதியில் கொல்லப்பட்ட கிருமி முழுதாக இருப்பதே இதற்குக் காரணம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். தனியார் மருத்துவமனைகளில் ‘வலியில்லா ஊசி’ என்று கேட்டு வாங்கப்படுவதில் கிருமியின் சில புரதங்கள் மட்டுமே உள்ளன. அதனால் காய்ச்சல் குறைவு; விலை அதிகம். அது தரும் பாதுகாப்பு சற்று விரைவாகத் தேய்கிறது என்பதும் அறியப்பட்டதே. காசு கொடுத்துப் போடும் ஊசிதான் உயர்ந்தது என்ற எண்ணத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை.

அம்மையும் ஊசியும்

அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, குழந்தையைத் தனியே கிடத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணுவது தமிழ்நாட்டு வழக்கம். அம்மனை வேண்டிக்கொள்ளும் அதே வீடு குழந்தைக்கு ஊசியும் போட்டுக்கொள்கிறது. நம்பிக்கையால் மட்டும் ஊசி மறுக்கப்படுகிறது என்று எண்ணுவது இதனாலேயே தவறு. சிக்கல் எழும் இடம் வேறு. தட்டம்மை தானே வந்து தானே போகும் என்று கருதப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான் போகிறது. ஆனால் சிலருக்கு அது நிமோனியாவிலோ மூளைக்காய்ச்சலிலோ முடிகிறது. நோயாளியின் அருகில் இருக்கும், எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது தொற்றும்.

ரூபெல்லா குழந்தையை அவ்வளவாக வாட்டாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஏற்படலாம். தென்னிந்தியாவில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கண்புரையில் கணிசமான பங்கு ரூபெல்லாவால் வந்தது என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990களில் நடந்த ஆய்வு காட்டியது. இந்த ஊசியைப் போடும் பெற்றோர், இன்னும் கருவாகாத ஒரு குழந்தையையும் சேர்த்தே காக்கிறார்கள்.

ராஜாஜியின் எதிர்ப்பு

ஐயம் எழுப்பியவர்கள் எல்லோரும் அறியாதவர்கள் அல்லர். காசநோய்க்கு எதிரான பிசிஜி தயாரிப்புக் கூடம் 1948இல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்டது. நாடு தழுவிய இயக்கமும் தொடர்ந்தது. 1955இல் ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்துக் கட்டுரைகளும் சிறுநூலும் எழுதினார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கௌர் இயக்கத்தின் பக்கம் நின்றார்.

அந்த ஊசி பயன் தருமா என்பதற்கான விடை ஆய்விலிருந்து வந்தது. 1968இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்திய பெரும் ஆய்வு தொடங்கியது. மாகறலும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று அந்த ஆய்வு கண்டது. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடும் வடிவங்களை அது தடுப்பதைப் பிற ஆய்வுகள் உறுதிப்படுத்தின. பிறந்தவுடன் அது போடப்படுவது இதற்காகவே.

2008: ஊசி ஊரைவிட்டுப் போனது

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊர்களில் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் முன்னிலையில் மட்டும் போட மாநில அரசு உத்தரவிட்டது. பாதுகாப்பு கருதிய முடிவுதான். ஆனால் அங்கே போய்வர பஸ் செலவு ஆகும், அன்றைய கூலியும் போகும். தறியில் உட்கார்ந்தால்தான் கூலி என்றிருக்கும் நெசவாளர் வீட்டுக்கு அது சிறிய இழப்பு அல்ல. சில ஆண்டுகளுக்குப் பிறகே ஊசி மீண்டும் ஊர்களுக்கு வந்தது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லா அடிப்படை ஊசிகளும் பெற்றவர்கள் தமிழ்நாட்டில் 2005–06இல் 80.9 விழுக்காடு. 2015–16இல் அது 69.7ஆகச் சரிந்து, 2019–21இல் 89.2ஆக உயர்ந்தது. இந்தச் சரிவை ஒரே காரணத்தில் அடக்க முடியாது. ஆயினும் மறுப்பைப் போலவே தொலைவும் குழந்தையை ஊசியிலிருந்து விலக்கும் என்பதில் ஐயமில்லை.

2017: வாட்ஸ்அப் அலை

2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான எல்லோருக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியது. இலக்கு சுமார் 1.76 கோடிப் பேர். ஊசியால் ஆட்டிசம் வரும், மலட்டுத்தன்மை வரும் என்ற வாட்ஸ்அப் செய்திகள் ஊசிக்கு முன்பே பள்ளிகளை எட்டின. பல பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரியோடு முடியவேண்டிய இயக்கம் மார்ச்சுக்கும் நீண்டது.

ஆட்டிசம் பற்றிய அச்சத்தின் வேர் 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு கட்டுரை. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றது. ‘முன்பே போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு?’ என்று சில பெற்றோர் கேட்டது வதந்தி அல்ல, நியாயமான கேள்வி. ஒன்பதாம் மாதத்தில் ஒரு முறை போட்டால் நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்கே பாதுகாப்பு கிடைக்கிறது. எஞ்சிய பதினைந்து பேர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாததால் எல்லோருக்கும் மீண்டும் போடப்படுகிறது. கூடுதலாக ஒரு முறை போடுவதால் தீங்கு இல்லை.

சம்மதமும் சில விவரங்களும்

பள்ளியில் ஊசி போடுமுன் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கோவிட் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. எனவே பெற்றோருக்கு விளக்கம் கேட்க உரிமை உண்டு. விளக்குவது போடுபவரின் கடமை.

லேசான சளி, இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம். முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலும், எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் நோய் இருந்தாலும் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருப்பது நல்லது. கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். தேதி தவறிய குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அட்டையைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.