வீட்டுக்கு எதிரே உள்ள மதில்



இடிந்து கிடந்த எருசலேம் மதிலை மக்கள் கட்டியெழுப்பிய வரலாற்றை நெகேமியா நூலின் 3ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது முழுவதும் பெயர்ப் பட்டியல் என்பதால் நாம் வேகமாகக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் அதில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியையே பழுதுபார்த்தார்கள். பொற்கொல்லர், நறுமணத் தைலம் செய்பவர், வணிகர், தந்தையோடு சேர்ந்து உழைத்த புதல்வியர் என எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

ஒரு சிற்றூர் துன்பத்தைத் தாங்கி நிற்பது எப்படி என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. அந்த விடையை நமக்கு அருகிலுள்ள காலத்தில் வாழ்ந்து காட்டிய ஒரு மக்களைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கனடா நாட்டின் கிழக்குக் கடற்கரையில் நோவா ஸ்கோஷியா என்னும் மாநிலம் இருக்கிறது. 1920களில் அங்கிருந்த மீனவ ஊர்கள் வறுமையில் தவித்தன. கடலில் மீன் இருந்தது. உழைக்கக் கைகளும் இருந்தன. ஆனால் மாவும் உப்பும் வலையும் வணிகரிடம் கடனுக்கு வாங்கியதால், மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. கடன் தீரவில்லை. இளையோர் பிழைப்புத் தேடிப் பாஸ்டனுக்குப் போனார்கள். இது நம் கடற்கரைக்கும் வயற்காட்டுக்கும் புதிய கதையா என்ன?

அங்கே கான்சோ என்ற ஊருக்குப் பங்குத்தந்தையாக வந்தவர் அருட்தந்தை ஜிம்மி டாம்கின்ஸ். 1927 ஜூலை 1 அன்று கனடா கூட்டாட்சியின் 60ஆம் ஆண்டு விழாவை நாடே கொண்டாடியபோது, கான்சோ மீனவர்கள் கூடி, தங்களுக்குக் கொண்டாட ஒன்றுமில்லை என்றார்கள். அந்தக் குரல் பரவியது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 1928இல் ஆன்டிகோனிஷ் நகரின் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் மக்கள் கல்விக்கென ஒரு துறையைத் தொடங்கி, அருட்தந்தை மோசஸ் கோடியை அதன் இயக்குநராக்கியது.

அவர்கள் கையாண்ட வழி எளியது. முதலில் ஊர்க்கூட்டம். பிறகு அக்கம்பக்கத்தார் சிலர் ஒரு வீட்டின் சமையலறையில் கூடுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிறு பிரசுரத்தை வாசிக்க, மற்றவர்கள் பேசுவார்கள். நம் மீன் எங்கே போகிறது? என்ன விலைக்குப் போகிறது? இடையில் யார் எவ்வளவு எடுக்கிறார்? நம்மால் முடிந்த ஒரு செயல் எது? 1930களின் இறுதிக்குள் இத்தகைய குழுக்கள் ஆயிரத்துக்கும் மேல் பெருகின. மார்த்தா சபை அருட்சகோதரியர் பெண்களிடையே இப்பணியைக் கொண்டு சென்றார்கள்.

கான்சோவுக்கு அருகே லிட்டில் டோவர் என்ற ஏழை ஊர். அம்மக்கள் தாங்களே மரம் வெட்டி வந்து, சிங்கி இறால் பதப்படுத்தும் சிறு ஆலையைக் கட்டினார்கள். மற்ற ஊர்களில் வாரந்தோறும் சில சென்ட் காசுகள் சேமித்துக் கடன் சங்கம் தொடங்கினார்கள். ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்தவர்கள், அவருடைய நாணயத்தை அறிந்த அயலாரே. வணிகரின் பிடி தளர்ந்தது இப்படித்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் கற்றார்கள், பிறகு சேமித்தார்கள், அதன் பிறகே கட்டினார்கள். நாமோ பலமுறை கட்டடத்தில் தொடங்கிப் பூட்டில் முடிக்கிறோம்.

எல்லாம் நிலைத்ததா? இல்லை. சில சங்கங்கள் பின்னாளில் மூடப்பட்டன. 1990களில் அக்கடலில் காட் மீன் வளமே குன்றிப்போனது. ஆலை அழியலாம், மீன் குறையலாம். ஆனால் கூடிப் பேசி, கணக்குப் பார்த்து, முடிவெடுக்கப் பழகிய மக்கள் அடுத்த துன்பத்தை வெறுங்கையோடு சந்திப்பதில்லை. தாங்கும் ஆற்றல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

நமக்கு அண்மையிலும் இது நடந்தது. திருவனந்தபுரத்தின் மரியநாட்டிலும் குமரிக் கடற்கரையிலும் மீனவர் சங்கங்கள் கரையிலேயே ஏலத்தைத் தங்கள் கையில் எடுத்தன. விற்பனையில் ஒரு சிறு பங்கைச் சேமிப்பாக்கின.

அன்பார்ந்தவர்களே, புயலோ வறட்சியோ வரும்போது நிவாரணம் வரும். அது நீதியாக நமக்கு உரியது, கேட்டுப் பெறுவோம். ஆனால் அது வந்து சேரும் முன் உள்ள நாட்கள் நம்முடையவை. நடக்க முடியாத பெரியவர் எந்த வீட்டில் இருக்கிறார், எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் நிற்கும், யார் வட்டியில் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்பதை வெளியிலிருந்து வருபவர் அறியமாட்டார், அயலார் அறிவார்.

நமக்கு அன்பியங்கள் இருக்கின்றன. செபமாலையும் வாசகமும் முடிந்தபின், தேநீருக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்குவோம். இந்த மாதம் ஒரே கேள்வி போதும்: நம் பத்து வீடுகளின் பணம் எங்கே போகிறது? விடையை ஒரு நோட்டில் எழுதுவோம். அடுத்த மாதம் இரண்டாம் கேள்வி.

பசித்த கூட்டத்தைக் கண்ட ஆண்டவர், சீடர்களிடம் உள்ள அப்பங்களை எண்ணிப் பார்த்துவரச் சொன்னார். புதுமை அந்த எண்ணிக்கையில் தொடங்கியது. நம்மிடம் இருப்பதை நாமும் எண்ணத் தொடங்குவோம். பெருகச் செய்பவர் அவர். ஆமென்.