வீட்டில் இருந்துகொண்டே குடியிலிருந்து மீளலாம்

"குடித்துப் பழகியவரைக் கொண்டுபோய் ஒரு மாதம் எங்காவது அடைத்து வைத்தால்தான் திருந்துவார்" என்று கிராமங்களில் சொல்லக் கேட்கிறோம். ஆனால் விதைப்புக் காலத்தில் ஒரு மாதம் வீட்டை விட்டுப் போய் இருக்கக்கூடிய கமக்காரர் எத்தனை பேர்? காணியை விட்டு இடம்பெயர்ந்து, அன்றாடக் கூலியில் அடுப்பெரிக்கும் குடும்பத்தில் உழைக்கும் ஒருவர் ஒரு மாதம் இல்லாவிட்டால் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கு விடை காண முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் சிகிச்சை என்ற எண்ணத்தையே கைவிட்டு விடுகின்றன. அப்படிக் கைவிடத் தேவையில்லை என்பதை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

குடி எப்போது நோயாகிறது?

வயலும் மாடும் கிணறும் இருந்தபோது விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போனவர், அவை எல்லாம் கைவிட்டுப் போனபின் பகல் முழுவதும் சும்மா இருக்க நேரிடுகிறது. இழப்பும் துக்கமும் நித்திரையின்மையும் சேர்ந்துகொள்கின்றன. மாலையில் தவறணைக்கோ கசிப்பு விற்கும் வீட்டுக்கோ கால் தானாக நடக்கிறது. முதலில் நித்திரைக்காகக் குடித்தவர், பின்னர் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்பதற்காகக் குடிக்கிறார்.

அளவு கூடிக்கொண்டே போதல், தொடங்கினால் நிறுத்த முடியாமை, குடிக்காத நாளில் நடுக்கமும் வியர்வையும் ஏற்படுதல், வேலையையும் குடும்பத்தையும் கவனிக்காது விடுதல், தீங்கு தெரிந்தும் தொடர்ந்து குடித்தல் ஆகியன ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டார் என்பதற்கான அடையாளங்கள். இந்த நிலையில் உள்ளவரைப் பார்த்து "மனம் வைத்தால் விடலாம்தானே" என்று சொல்வதில் அதிகம் பயனில்லை. சலரோகத்துக்கும் (நீரிழிவு) இரத்த அழுத்தத்துக்கும் நீண்டகாலக் கவனிப்பு எவ்வாறு வேண்டுமோ, அவ்வாறே இதற்கும் வேண்டும்.

வந்து போகும் சிகிச்சை

அமெரிக்காவில் 1980களில் கொக்கெயின் பாவனை பரவியபோது, வேலையையும் குடும்பத்தையும் விட்டு வைத்தியசாலையில் தங்க முடியாதவர்களுக்காக ஒரு சிகிச்சை முறை வளர்ந்தது. இதைத் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை என்கிறார்கள். நோயாளி இரவில் வீட்டில் தூங்குகிறார். கிழமையில் 3 நாட்கள் அல்லது அதற்கு மேல், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 3 மணித்தியாலம் நிலையத்துக்கு வந்து போகிறார். அங்கே கிழமைக்குக் குறைந்தது 9 மணித்தியாலம் என்பது வகுக்கப்பட்ட அளவு. மாதம் ஒரு தடவை கிளினிக் சென்று குளிசை வாங்கி வருவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

கலிபோர்னியாவில் உருவான 'மெட்ரிக்ஸ்' என்ற முறையில் 16 கிழமைகளுக்கு நிகழ்ச்சித்திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. முதல் மாதத்தில் குடியை நிறுத்திப் பழகுவதற்கான 8 அமர்வுகள். மீண்டும் விழாமல் இருப்பதற்கான 32 அமர்வுகள். குடும்பத்தினரும் சேர்ந்திருந்து கற்கும் 12 அமர்வுகள். இவற்றோடு தனிப்பட்ட ஆலோசனையும் உண்டு. குடிக்கவில்லை என்பதை உறுதிப்படுத்த மூச்சுப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் இடையிடையே நடைபெறும்.

அமர்வுகளில் என்ன நடக்கிறது?

எட்டுப் பத்துப் பேர் வட்டமாக இருந்து பேசுகிறார்கள். உளவளத்துணையாளர் ஒருவர் நடத்துவார். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது குடிக்கும் ஆசை எழுகிறது என்பதை ஒவ்வொருவரும் கண்டுபிடிக்கிறார். ஒருவருக்குச் சம்பள நாள். இன்னொருவருக்குச் சந்தையிலிருந்து திரும்பும் பாதை. வேறொருவருக்கு மனைவியோடு ஏற்பட்ட சண்டை. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஆசையைத் தூண்டும் என்று அங்கே கற்பிக்கிறார்கள்.

பிறகு அடுத்த நாளுக்கான நேர அட்டவணையைத் தாமே எழுதுகிறார்கள். காலையில் எழுவதிலிருந்து இரவில் படுப்பது வரை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு வேலை. வெறுமையான மணித்தியாலமே ஆபத்தான மணித்தியாலம் என்பதை வேலை இழந்த கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையின் பலம், படித்ததை அன்றைக்கே பரீட்சித்துப் பார்க்கலாம் என்பதுதான். உள்ளே அடைபட்டிருப்பவர் தவறணையைக் காண்பதில்லை. வெளியே வந்த முதல் நாளில்தான் காண்கிறார். வந்து போகிறவரோ நாள்தோறும் அந்த வாசலைக் கடக்கிறார். தடுமாறினால் அடுத்த அமர்விலேயே அதைச் சொல்லி வழி கேட்கலாம். ஒரு தடவை விழுந்து விட்டால் எல்லாம் முடிந்தது என்று யாரும் விலக்கி விடுவதில்லை. எதனால் விழுந்தார் என்று ஆராய்ந்து திட்டத்தைத் திருத்துகிறார்கள். பின்னர் 3 நாட்கள் 2 நாட்களாகி, ஒரு நாளாகி, சிகிச்சை படிப்படியாகக் குறைகிறது.

உள்ளே தங்கினால்தான் குணமா?

இலண்டனில் 1967இல் வெளியான ஓர் ஆய்வில், குடிக்கு அடிமையான 40 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வைத்தியசாலையில் தங்கவைத்தும், மற்றவர்களுக்கு வெளிநோயாளராகவும் சிகிச்சை அளித்தார்கள். ஒரு வருடத்தின் பின் பார்த்தபோது, தங்கியிருந்தவர்கள் மற்றவர்களை விட மேலான நிலையில் இருக்கவில்லை. தீவிர வெளிநோயாளர் சிகிச்சை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் 2014இல் வெளியிடப்பட்ட மீளாய்வும், பெரும்பாலானோருக்கு இது தங்கிப் பெறும் சிகிச்சைக்கு நிகரான பலனைத் தருகிறது என்றே முடிவு செய்தது.

ஆயினும் எல்லோருக்கும் இது பொருந்தாது. இதைக் கவனமாக வாசியுங்கள். பல வருடங்கள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சலும் மனக்குழப்பமும் இல்லாததைக் காணும் நிலையும் ஏற்படலாம். இது உயிரைப் பறிக்கக்கூடியது. முன்பு வலிப்பு வந்தவர், ஈரல் நோய் உள்ளவர், உயிரை மாய்க்க எண்ணுபவர் ஆகியோர் முதலில் வைத்தியசாலையில் தங்கியே குடியை நிறுத்த வேண்டும். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும், தயமின் என்ற விற்றமின் பி1 ஊசியும் அங்கே கொடுப்பார்கள். அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. உடல் தேறியபின் வந்து போகும் சிகிச்சையைத் தொடரலாம்.

நெல்வயல் கிராமம் காட்டிய வழி

மேல்நாட்டு நிலையம் ஒன்றை நமது கிராமத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதன் சாரத்தைக் கொண்டுவரலாம். சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன், தமது கணவரைக் குடியினால் இழந்தபின், 1980இல் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1989 முதல், நெல் விளையும் காவிரிப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே சென்று 15 நாள் முகாம்களை நடத்தியது. ஊரவர்கள் இடம் கொடுத்து உதவினார்கள். மனைவியருக்கும் ஆலோசனை அளிக்கப்பட்டது. முகாம் முடிந்த பின்னும் நிலையத்தார் ஊருக்கு வந்து தொடர்ந்து பார்த்தார்கள். ஊரே அறிந்து ஒருவர் குடியை விட்டால், அவருக்கு ஊற்றிக் கொடுக்கவும் ஊரார் தயங்குவார்கள் அல்லவா?

கோவாவில், மருத்துவம் படிக்காத சாதாரண ஆலோசகர்களைப் பயிற்றி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் நான்கு அமர்வுகள் வரை பேச வைத்த முயற்சியின் பெறுபேறுகள் 2016 டிசம்பரில் வெளியாகின. அடிமை நிலைக்குப் போகாத, ஆனால் தீங்கு தரும் அளவுக்குக் குடித்த ஆண்கள் 377 பேர் அதில் பங்குபற்றினார்கள். மூன்று மாதத்தின் பின், வழமையான கவனிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேரும், ஆலோசனையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேரும் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். பெரிய கட்டடம் இல்லாமலும் பயன் விளையும் என்பதற்கு இது சாட்சி.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

வெறியில் இருக்கும்போது வாதாட வேண்டாம். தெளிந்த காலை நேரத்தில் அமைதியாகப் பேசுங்கள்.

அவர் குடித்த கடனை நீங்கள் அடைப்பதையும், வேலைக்குப் போகாததற்குப் பொய்க் காரணம் சொல்வதையும் நிறுத்துங்கள்.

தெரியாமல் சாப்பாட்டில் குடி மறக்கும் மருந்து கலக்க வேண்டாம். டைசல்பிராம் போன்ற மருந்தை உட்கொண்டவர் அறியாமல் குடித்தால் உயிராபத்து நேரலாம். வைத்தியர் சொல்ல, நோயாளி அறிந்தே அதை எடுக்க வேண்டும்.

அடி உதை இருக்குமானால் உங்களதும் பிள்ளைகளதும் பாதுகாப்பே முதலாவது. அதைச் சகித்துக்கொண்டிருப்பது சிகிச்சையின் பகுதியல்ல.

வீட்டுக் கணக்கையும் எழுதிப் பாருங்கள். நாளொன்றுக்கு 500 ரூபா குடிக்குப் போவதாக வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 182,500 ரூபா போகிறது. எத்தனை போகத்துக்கு விதைநெல் வாங்கலாம் என்பதை இருவரும் சேர்ந்திருந்து கணக்கிடுங்கள்.

எங்கே தொடங்குவது?

மாவட்டத்திலுள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், சிகிச்சை இலவசம். தூரமாயின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரியிடமோ சொல்லி வழி கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.

நாள்தோறும் வந்து போகும் நிலையம் உங்கள் பகுதியில் இல்லாதிருக்கலாம். ஆனால் கிழமையில் மூன்று மாலைகளில் வாசிகசாலையிலோ பாடசாலை மண்டபத்திலோ, குடியை விட விரும்பும் ஐந்து பேரும், விட்டுச் சில வருடங்களான ஒருவரும், வைத்தியசாலையோடு தொடர்புள்ள ஓர் ஆலோசகரும் கூடியிருக்க முடியும். மற்றொரு மாலையில் மனைவிமார் கூடலாம். தவறணைக்குக் கால் நடக்கும் அந்த மாலை நேரத்தில் போய் இருப்பதற்கு வேறோர் இடம் இருக்கட்டும். அந்த இடத்தை ஏற்படுத்துவது பற்றி உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே பேசிப் பாருங்கள்.