சேர விடாத மேடு

திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் முடிக்கும் பிள்ளைகளுக்குப் பட்டம் தருவது கோவை பாரதியார் பல்கலைக்கழகம். மருதமலை சாலையில் இருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையிலிருந்துதான், கலிபோர்னியம்-252 அணுக்கரு மூன்று துண்டாக உடைவதைக் கணக்கிடும் மாதிரி ஒன்று 2009-இல் வெளிவந்தது. பனியன் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் நடக்கும் வேலை நம் பிள்ளைகளுக்கே தெரியாமல் போவது எனக்கு வருத்தம்தான்.

அந்த மாதிரியில் ஒவ்வொரு ஜோடித் துண்டுக்கும் இடையே இரண்டு விசைகளைக் கூட்டுகிறார்கள். ஒன்று மின்விலக்கம், அது தூரத்திலிருந்தே தள்ளும். மற்றது அணுக்கரு விசை. அது வெல்க்ரோ பட்டை போல, கிட்டத்தட்டத் தொடும் அளவுக்கு வந்தால்தான் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து எழுப்பும் மேட்டுக்குக் கூலும் தடை என்று பெயர். உடையும் கரு உள்ளிருந்து வெளியே கடப்பதும், சேரும் கருக்கள் வெளியிலிருந்து உள்ளே கடப்பதும் இத்தகைய மேட்டைத்தான்.

ஆக்சிஜன்-16, சமாரியம்-154 இரண்டையும் மோதவிடுவோம். புரோட்டான்கள் 8, 62. பெருக்கினால் 496. அதை 1.44 என்ற மாறிலியால் பெருக்கி, மையங்களுக்கு இடையிலான தூரம் 11 ஃபெம்டோமீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருக் கவர்ச்சி அதில் ஐந்தைப் போலக் குறைத்துவிடும். மேட்டின் உயரம் சுமார் 60.

அதற்குக் கீழே உள்ள ஆற்றலிலும் கருக்கள் இணையும். தடையை ஊடுருவிச் செல்லும் குவாண்டம் இயல்பை 1928-இலேயே இயற்பியலாளர் காமோவ் காட்டியிருந்தார். ஆனால் சமாரியத்தில் அந்தக் கணக்கு மட்டும் போதவில்லை. ஏறத்தாழ உருண்டையான சமாரியம்-148-ஐவிட, நீண்டிருக்கும் சமாரியம்-154 தடைக்குக் கீழே மிகத் தாராளமாக இணைவதை 1978-இல் அளந்தார்கள். நீண்ட கருவின் முனை எதிரே வந்தால் மேடு தாழ்கிறது. பக்கவாட்டு எதிரே வந்தால் உயர்கிறது. ஆக, மேடு ஒன்றல்ல. கரு திரும்பி நிற்கும் கோணத்துக்கு ஒன்று.

இந்த மேடுகளின் பரவலை நேரடியாகப் பார்க்க 1991-இல் ரௌலி, சாட்ச்லர், ஸ்டெல்சன் என்ற இயற்பியலாளர்கள் ஓர் அருமையான வழி சொன்னார்கள்: இணைவுக் குறுக்குப்பரப்பை (இணையும் வாய்ப்பின் அளவை) ஆற்றலால் பெருக்கி, ஆற்றலைப் பொறுத்து இருமுறை வகையிட வேண்டும். பிளஸ் டூ நுண்கணிதம்தான். சிரமமெல்லாம் அளவீட்டில், பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே வரைபடம் கலங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அந்தத் துல்லியம் கைகூடியது. புதுதில்லி பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தின் பெல்லட்ரான் முடுக்கியிலும், பல்கலைக்கழக மாணவர்கள் வந்து கன அயனிகளை மோதவிட்டு இணைவை அளக்கிறார்கள்.

இன்னும் கனமாகப் போனால் மேட்டைத் தாண்டுவது மட்டும் போதாது. கால்சியம்-48, கலிபோர்னியம்-249 ஜோடியில் புரோட்டான்களின் பெருக்கல் 1960. தொட்ட பிறகும் பெரும்பாலானவை முழுதாக ஒன்றுசேராமல் பிரிந்துவிடும். ரஷ்யாவின் துப்னாவில் மாதக்கணக்கில் மோதவிட்டும் 118-ஆம் தனிமம் ஒகனெசன் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கிடைத்தது. தொட்டவை எத்தனை நிலைக்கும் என்று கேட்டால், மாதிரிகள் தரும் விடைகள் இன்னும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகின்றன.