இருட்டுக் குகையில் மணி எப்படித் தெரிகிறது?

லோடு ஏற்றி வடக்கே போன டிரைவர் பல நாள் கழித்து விடியற்காலையில் சங்ககிரிக்கு வந்து சேர்கிறார். ஊர் எழும் நேரத்தில் படுக்கிறார். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டு இரவில் விழித்துக் கிடக்கிறார். மறுநாள் தொட்டதற்கெல்லாம் எரிச்சல், அதற்கடுத்த நாள் யாரோடும் பேசப் பிடிக்காத சோர்வு. “வண்டியில இருக்கறப்ப நல்லாத்தான் பேசுனாரு” என்று வீட்டில் வருந்துவார்கள். இதில் அவருடைய குணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

மூளையின் அடியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதுதான் அந்தக் கடிகாரம். தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன் சுரப்பு எல்லாம் அதன் தாளத்தில்தான் நடக்கின்றன. மனநிலையும் அதைச் சார்ந்தே ஏறி இறங்குகிறது. பெரும்பாலானோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் தினமும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். திருத்துவதில் முதலிடம் காலை வெளிச்சத்துக்கு.

வெளிச்சமே எட்டாத இடத்தில் என்ன நடக்கும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் மதுரைப் பக்கத்துக் குகை வௌவால்களிடம் இதற்கு விடை தேடினார்கள். கும்மிருட்டுக் குகையில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் அதன் கூட்டம் சுதந்திரமாக வாழ்ந்து, மாலையானால் இரை தேடப் பறந்தது. அந்திச் சூரியனைப் பார்க்க வழியில்லாத கூண்டு வௌவாலும் அதே வேளையில் சுறுசுறுப்பானது. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போனது. கூட இருக்கும் உயிர்களின் போக்குவரத்தே அதற்கு மணி காட்டியிருக்கிறது! 1981-இல் வெளியான இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பு வரும்.

மனிதருக்கு வெளிச்சத்தின் பிடியே வலுவானது. ஆனாலும் நாம் எழுவதையும் உண்பதையும் வெளியே வருவதையும் வீட்டார்தானே தீர்மானிக்கிறார்கள்? எழும், உண்ணும், பழகும் நேரங்களை ஒழுங்குபடுத்துவதை இருதுருவ மனநோய்க்கு ஒரு சிகிச்சை முறையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, ஊர் திரும்பியவர் அசதி தீரச் சில மணி நேரம் தூங்கட்டும். மதியத்துக்குள் எழுப்பிவிடுங்கள், மிச்சத் தூக்கம் இரவுக்கு. மறுநாள் முதல் காலைக் காபி வாசலில் ஆகட்டும். மேகம் மூடிய நாளிலும் வெளி வெளிச்சம் அறைக்குள் எரியும் விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு வேளையாவது எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். படுக்கும்முன் செல்போனைத் தள்ளி வைத்துவிடலாம்.

இரண்டு வாரம் கடந்தும் சோகம் விடவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 2022 முதல் இயங்கும் டெலிமானஸ் மனநலச் சேவையை 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நடுநிசியில் டிரைவரின் போனுக்காகக் காத்திருந்து தூக்கம் கெட்ட வீட்டுக்காரம்மாவின் கடிகாரமும் தடுமாறித்தான் இருக்கும். அந்தக் காலை வெயில் அவருக்கும் வேண்டும். அடுப்படி வேலையை யாராவது பார்த்துக்கொண்டால் அவரும் வாசலுக்கு வருவார்.