ஆறாத படையை மறைக்காதீர்கள்



வெளியே சொல்ல வெட்கப்படும் இடத்தில் வரும் ஒரு நோயைப் பற்றி இங்கே சொல்லுகிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள்.

ஆணின் விதைப்பையிலோ ஆண்குறியின் தோலிலோ சிவந்த படை ஒன்று தோன்றும். அரிக்கும், சிலருக்கு எரியும், நீர் கசியும், பொருக்குத் தட்டும். "படர்தாமரைதான், தானாப் போயிடும்" என்று கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொள்வார்கள். வருஷங்கள் ஓடும். படை மட்டும் மெல்ல மெல்லப் பரவும்.

இத்தகைய படைகளில் பெரும்பாலானவை சாதாரணத் தோல் நோய்களே. ஆனால் மிக அபூர்வமாகச் சிலருக்கு அது தோல் புற்றுநோயாக இருக்கும். அதன் பெயர் பேஜட் நோய். 1874-ல் ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கிலேய டாக்டர் மார்புக் காம்பில் வரும் இந்நோயை விவரித்தார். ஆணுறுப்பிலும் இது வரும் என்பது 1889-ல் தெரியவந்தது. பெரும்பாலும் வயதானவர்களுக்கே வருகிறது.

இது மேக நோயா?

இல்லை. தவறான நடத்தையால் வருவதல்ல. மனைவிக்கும் ஒட்டாது, பிள்ளைகளுக்கும் ஒட்டாது. வீட்டில் சந்தேகமும் சண்டையும் வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

களிம்பு பூசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் படை ஆறவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள். அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். சிலருக்கு இதனுடன் சிறுநீர்ப்பை, புராஸ்டேட் சுரப்பி, மலக்குடல் ஆகியவற்றிலும் புற்று இருப்பதுண்டு. ஆகவே அவற்றையும் பரிசோதிப்பார்கள்.

"எல்லாத்தையும் அறுத்து எடுத்துடுவாங்களா?"

இந்தப் பயத்தால்தான் பலர் மறைக்கிறார்கள். நோய் மேல்தோலில் இருக்கும்போதே வந்தால், நோயுள்ள தோலைத்தான் எடுப்பார்கள். கோரைக்கிழங்கு வெளியே தெரிவதைவிட மண்ணுக்குள் அதிகம் ஓடியிருக்கும் அல்லவா? இந்நோயும் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டித் தோலுக்குள் ஓடியிருக்கும். ஆகையால் சுற்றியுள்ள நல்ல தோலையும் ஒன்று முதல் மூன்று செ.மீ. வரை சேர்த்து எடுப்பது வழக்கம். ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

விதைப்பைத் தோல் இழுத்தால் நீளும். ஆகவே சிறிய புண்ணை அப்படியே தைத்துவிடலாம். பெரிதானால் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள். உள்ளே இருக்கும் விதைகளைப் பொதுவாகத் தொடுவதில்லை. ஆகவே ஆண்மைச் சுரப்பு நிற்காது. புண் நன்றாக ஆறி, டாக்டர் சொன்ன பிறகு தாம்பத்திய உறவைத் தொடரலாம்.

நோய் ஆழத்தில் இறங்கிவிட்டால் கதை வேறு. தொடை இடுக்கில் நெறி கட்டும். அப்போது அந்த நெறிகளையும் எடுக்க வேண்டி வரலாம். உயிருக்கே ஆபத்தும் உண்டு. தாமதத்தின் விலை இதுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு?

இந்நோய் சில வருஷம் கழித்தும் திரும்பி வரலாம். "சரியாப் போச்சு" என்று இருந்துவிடாமல், டாக்டர் சொன்ன தேதிகளில் தவறாமல் போய்க் காட்டுங்கள்.

மனைவிமார்களுக்கு ஒரு வார்த்தை. அவராகச் சொல்லமாட்டார். சொறிந்துகொண்டே இருப்பதும், வேட்டியில் கறை படுவதும் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். "வாங்க, ஒருதரம் காட்டிட்டு வந்துடலாம்" என்று கூடவே புறப்படுங்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

ஆறாத படையை மறைக்காதீர்கள். காலத்தில் காட்டுங்கள்.